வெட்டின அட்டையில் இருந்த தேதி

மிளகுக் களம்,
மாசி 11, திங்கக்கிழமை.

என் கண்ணு சதீஷ்குமாருக்கு அம்மா எழுதறது. நீயும் உன்கூட ரிக் வண்டியில வேலை செய்யற பசங்களும் சொகமா இருக்கணும்னு எட்டுக்கை அம்மனைக் கும்பிட்டுட்டு ஆரம்பிக்கறேன். இங்க நான், உங்கப்பா, கோகிலா மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கறோம். நல்லா இருக்கறோம்னு எழுதலாம்னு பாத்தேன், கை வரல சாமி, அதனால உடம்பைப் பத்தி மட்டும் எழுதியிருக்கறேன். சத்தீஸ்கர்ல இப்ப வெயில் ஏற ஆரம்பிச்சிருக்கும். போர் போடறப்ப காதுக்குப் பஞ்சு வெச்சுக்க, அந்த இரும்புத் தொப்பியை வண்டியில மாட்டி வெக்காத, தலையில மாட்டு. எப்பவும் போன்ல பேசற அம்மா என்னடா கடுதாசி எழுதறாளேன்னு பயந்துக்காத. போன் உங்கப்பா சட்டைப் பாக்கெட்டுல இருக்குது. பேசணும்னா அவரு பக்கத்துல நின்னுதான் பேசணும், இது அவரை வெச்சுக்கிட்டுப் பேசற சேதி இல்ல. சின்னராசு லீவு முடிஞ்சு நாளைக்கு வெடியால பஸ்ல எறங்கி உங்க ரிக்குக்கே வாரானாம். அவன்கிட்ட பலகாரப் பொட்டலம்னு சொல்லிக் குடுத்துவிடறேன். கடுதாசி அதுக்குள்ள இருக்கும், உன்னைத் தவிர யாரும் பிரிக்கக்கூடாதுன்னும் அவன்கிட்ட சொல்லிவிடறேன்.

மிளகு இந்த வருஷம் நெறையக் காச்சிருக்குது, சில்வர் ஓக்கு மரத்துக் கொடியெல்லாம் கொத்துக் கொத்தாத் தொங்குது, ஏணி வெச்சு ஏறத்தான் ஆளு இல்ல, நீ இருந்தா ரெண்டு நாள்ல பறிச்சுப் போட்டிருப்ப. மரவள்ளி பிடுங்கியாச்சு. செவலை மாடு கெடேரிக் கன்னு போட்டுது. காயப் போட்ட மிளகுக்குக் காவலா ஒரு கையில கோழி ஓட்டற குச்சியும் ஒரு கையில பேனாவுமா உக்காந்து, பள்ளிக்கூடக் கமிட்டி நோட்டுல கடைசித் தாளுங்களைக் கிழிச்சு எழுதறேன். இன்னிக்குத்தான் எழுத முடியும். உங்க பெரியம்மா மலைமேலயே பைல் நாட்டு ஊரு ஒண்ணுல ஒரு சீருக்குப் போயிருக்கறா, பொழுதோடதான் வருவா. நாலு வாரத்துக்கு மேல ஆச்சு சாமி, அவ என்னை விட்டு நகரல. தண்ணிக்குப் போனா வாரா, வெறகுக்குப் போனா வாரா, களத்துக்கு வந்தா பக்கத்துல முந்தானையை விரிச்சுப் படுத்துக்கறா. கேட்டா துணைக்கு இருக்கறாளாம். நல்ல துணை! ஆட்டுக்கு முளைக்குச்சி துணை இருக்கற மாதிரி.

எதுக்குன்னு மொதல்ல இருந்து சொல்றேன். கோகிலா எட்டாவது படிக்கறாளில்ல, அவ பள்ளிக்கூடத்துக்கு ஆடி மாசம் முசிறிப் பக்கத்துல இருந்து நல்லுசாமின்னு ஒரு சார் மாத்தலாகி வந்தாரு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுல பாடப் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டுப் புள்ளைங்களை வட்டமா உக்கார வெப்பாராம். போன்ல வந்த சேதி, பஸ் ஸ்டாண்டுல குடுத்த நோட்டீசு, பேப்பர்ல வந்த வெளம்பரம், இப்படி எதையாச்சும் நடுவுல போட்டு, இதை யாரு சொன்னது, அவங்களுக்கு எப்படித் தெரியும், கண்ணால பாத்தது யாருன்னு கேப்பாராம். புள்ளைங்க அதுக்கு ‘எங்கிருந்து வந்துச்சு பீரியடு’ன்னு பேரு வெச்சுட்டாங்க. எனக்கு அப்ப சிரிப்பா இருந்துச்சு. கணக்கு சொல்லிக் குடுய்யா, இங்கிலீசு சொல்லிக் குடுய்யா, சேதி கேக்கறதுக்கு ஒரு பாடமான்னு கமிட்டிக் கூட்டத்துலயே சொன்னேன். கமிட்டித் தலைவி நாந்தானே, நாக்கு சும்மா இருக்குமா? அப்புறம் பாத்தா, நம்ம மலை ரோட்டை மண்ணு சரிஞ்சு பதினஞ்சு நாள் மூடறாங்கன்னு போட்டோவோட ஒரு சேதி வந்துச்சே, உங்கப்பா பாதி காயாத மிளகை மூட்டை கட்டி லாரிக்கு ஓடினாரே, அன்னிக்கு இந்தப் புள்ளதான் போட்டோவைப் பெருசு பண்ணி, அம்மா நம்ம கொண்டை ஊசி வளைவுல எங்க இந்தி போர்டு இருக்குன்னு கேட்டா. உனக்கு அனுப்பிக் கேட்டதும் நீயும் அது இந்தி எழுத்துதான்னு சொன்ன. அன்னிக்கு நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். எம் மவ போலீசாட்டம் கேள்வி கேப்பான்னு.

இப்ப என் வெட்கங்கெட்ட கதைக்கு வாரேன். பொங்கல் கழிஞ்சு வந்த வியாழக்கிழமை. வியாழக்கிழமையானா ரோஸ்லின் நர்சம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து பொண்ணுங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுப்பாங்க, உனக்குத் தெரியும். நம்ம கோகிலாவுக்கு ரத்தம் ஒம்போதுதான் இருக்குன்னு கண்டுபிடிச்சதே அவங்கதான். சோறு தின்னுட்டுத்தான் போடணும்னு நூறு வாட்டி சொல்லிக் குடுத்திருக்கறாங்க. அன்னிக்கு இவ காலையில ஒண்ணும் திங்காம ஓடினவ, மத்தியானச் சோத்துல பாதியைக் கொட்டிட்டு மாத்திரையைப் போட்டிருக்கறா. ஊட்டுக்கு வந்து வாசல்ல மூணு வாட்டி வாந்தி. மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பையைக் கொட்டிப் பாத்தா மாத்திரை அட்டை ஒரு துண்டு. ஆளுக்கு ஒண்ணுன்னு கத்திரியால வெட்டிக் குடுத்த துண்டு. அதுல ஒரே ஒரு தேதிதான் இருந்துச்சு, போன வருஷம் எட்டாம் மாசம். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்துச்சோ. போனை எடுத்து வாய்ஸ் போட்டேன். அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு எம் எஃப் ஜி, எட்டாம் மாசம், போன வருஷம்னு எழுத்துக் கூட்டிப் படிச்சேன், பாரு நானே படிச்சுக் கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரு பெருமை வேற. தேதி முடிஞ்சு அஞ்சு மாசம் ஆன மாத்திரையைக் குடுத்து எம் புள்ளையக் கொல்லப் பாத்திருக்கறா, இந்த நர்சை இந்த ஊருல விடக்கூடாதுன்னு பேசினேன். அதை ரெண்டு பேருக்கு அனுப்பினேன். ஒண்ணு உன் பெரியப்பன் மவன் யுவராஜுக்கு. இன்னொண்ணு உனக்கு.

பொழுதோடவே கோகிலா எந்திரிச்சு ரசஞ்சோறு தின்னுட்டு விளையாடப் போயிட்டா. ஆனா சேதி நிக்கல. யுவராஜு என் வாய்ஸைக் கேட்டுட்டு, பள்ளிக்கூடத்துல பழைய மாத்திரை குடுத்துப் புள்ளைங்க மயக்கம்னு அவனே எழுதி நம்ம மலைக் குரூப்புல போட்டுட்டான். எடப்புளி நாட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு புள்ள செத்துப் போச்சுன்னு ஆயிருச்சு. மறுநாள் விடிஞ்சதும் நூறு பேரு நர்சம்மா இருக்கற ஊரு ஆஸ்பத்திரி முன்னாடி. நானும் போனேன் சாமி, பொய் சொல்ல மாட்டேன், கூட்டத்துல நானும் நின்னேன். யுவராஜும் இன்னும் நாலு பேரும் கதவை ஒடச்சு, மருந்துப் பொட்டியை வெளிய இழுத்துப் போட்டுக் கொளுத்திட்டாங்க. எந்த மாத்திரை எப்ப வந்துச்சுன்னு எழுதி வெச்ச நோட்டும் அதுலயே எரிஞ்சு போச்சு. நர்சம்மா ஏனுங்க, யாரு செத்தது, பேரைச் சொல்லுங்க, நான் போய்ப் பாக்கறேனுங்கன்னு கும்பிட்டுக் கும்பிட்டுக் கேட்டாங்க. ஒருத்தராச்சும் ஒரு பேரைச் சொல்லணுமே. இல்லாத புள்ளைக்கு ஏது பேரு? எம் புள்ள ஊட்டுல நல்லா இருக்கறான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூட்டம் கலைஞ்சிருக்கும். வாயைத் தெறக்கல. அவங்க மத்தியானப் பஸ்ல ஒரு பையோட எறங்கிப் போனாங்க. இன்னி வரைக்கும் வேற நர்சு வரல, வயித்துப் புள்ளைக்காரிங்க செம்மேடு வரைக்கும் பஸ்ல போயிட்டு வாராங்க.

போலீசு வந்து கதவு ஒடச்சது யாருன்னு கேட்டதும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் நழுவிட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம். உன் பெரியப்பா அர்த்தனாரிதானே ஊர்க்கவுண்டர், அவரு சொல்லிட்டாரு. மாத்திரை பழசுதான்னு நர்சே ஒத்துக்கிட்டா, அதைக் கேட்டு ஜனம் கொதிச்சுப் போச்சு, யாரு கதவை ஒடச்சாங்கன்னு தெரியாது, கேட்டவங்களுக்கெல்லாம் ஊரு இதைத்தான் சொல்லணும்னு. யுவராஜு கான்ஸ்டபிள் வேலைக்கு எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிட்டு ஓட்டப் பரீட்சைக்குக் காத்திருக்கறான், பேருல ஒரு கேஸ் விழுந்தா அவன் கதை முடிஞ்சுது. நம்ம ஊரு வழக்கம் உனக்குத் தெரியாததா, பேச்சு முடிஞ்சதும் தட்டுல வெத்தலை வந்துச்சு. ஊட்டுக்கு ஒருத்தரு எடுத்தா அந்த ஊடு ஒத்துக்கிட்டதுன்னு அர்த்தம், எடுத்துட்டு மாத்திப் பேசினா அந்த ஊட்டுக்கு நெருப்புத் தர மாட்டாங்க, எழவுக்குத் தோள் தர மாட்டாங்க. நம்ம ஊட்டுக்கு உங்கப்பா எடுத்தாரு. அது போதாதுன்னு, பாப்பாத்தி கமிட்டித் தலைவி, அவ தனியா எடுக்கட்டும்னு உங்க பெரியப்பா தட்டை என் பக்கம் திருப்பினாரு. எடுத்துட்டேன். அன்னிக்கு எனக்கு மாத்திரை பழசுன்னுதான் நெனப்பு. நர்சு ஒத்துக்கிட்டான்னு சொல்றது மட்டுந்தான் பொய், சரி அது போகட்டும்னு நெனச்சேன். பொய்யில சின்னது பெருசு பாத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஊட்டுக்கு வந்ததும் உங்கப்பா அந்த அட்டைத் துண்டை அடுப்புல போட்டாரு. என் போன்ல இருந்த வாய்ஸையும் அழிச்சாரு. யுவராஜு அவனுதை அதுக்கு முன்னாடியே அழிச்சுட்டானாம்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை கோகிலா பள்ளிக்கூடம் விட்டு வந்தா, பையைக்கூட எறக்காம அலமாரியில இருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் டீத்தூள் பாக்கெட்டையும் எடுத்து என் முன்னாடி வெச்சா. சார் இன்னிக்கு இருமல் மருந்து, மாத்திரை, பிஸ்கட்னு எல்லாத்தையும் கொண்டாந்து எழுதியிருக்கறதை முழுசாப் படிக்கச் சொன்னாராம். எல்லாத்துலயும் ரெண்டு தேதி இருக்கும்மா, ஒண்ணு செஞ்ச தேதி, ஒண்ணு முடியற தேதின்னு வெரலை வெச்சுக் காட்டினா. எம் எஃப் ஜின்னு போட்டா அது செஞ்ச தேதின்னு சொன்னா. அட்டையை வெட்டினா ஒரு பக்கம் ஒரு தேதி போயிரும், அதனால ஒரு தேதியை மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாதுன்னு சார் சொன்னாராம். அவ பாட்டுக்குச் சந்தோசமாச் சொல்றா. அந்த டீத்தூள் பாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அஞ்சு மாசம் முன்னாடி செஞ்ச மாத்திரை, இன்னும் ஒண்ணரை வருஷம் ரெண்டு வருஷம் நல்லா இருந்திருக்குமாம். உங்கப்பாகிட்ட அன்னிக்கே சொன்னேன். அவரு, வெத்தலை எடுத்தாச்சு, இனி பேசி என்ன ஆகப் போகுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரும் கெட்டவரு இல்ல சாமி, உனக்கே தெரியும். அண்ணன் பேச்சை மீறி அவரு ஒரு நாளும் நின்னதில்ல.

அதுக்கு அடுத்த வாரம் சார் ஒரு வேலை குடுத்தாரு. ரெண்டு புள்ள செத்துப் போச்சுன்னு ஒரு சேதி வந்துச்சே, அது எப்படி வளந்துச்சுன்னு விசாரிச்சு வாங்க, யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல, சேதி எப்படிப் பெருசாகுதுன்னு பாக்கத்தான்னு. புள்ளைங்க நோட்டை எடுத்துக்கிட்டு ஊடு ஊடாப் போய், உங்களுக்கு யாரு சொன்னாங்க, என்னன்னு சொன்னாங்க, எத்தனை மணிக்குன்னு கேட்டுக் கேட்டு எழுதி, பெரிய காயிதத்துல கட்டம் போட்டு அம்பு போட்டு வரஞ்சிருக்குதுங்க. ரெண்டு புள்ள செத்ததுல இருந்து பின்னால வந்தா பத்து புள்ள ஆஸ்பத்திரியில, அதுக்குப் பின்னால நாலு புள்ள மயக்கம், எல்லா அம்பும் போய் யுவராஜுகிட்ட முடியுது. அவனுக்கு யாரு சொன்னதுன்னு கேக்கற வேலை கோகிலாவுக்கு வந்திருக்குது, சொந்தக்காரப் புள்ளன்னு. அவன் சிரிச்சுக்கிட்டே உங்கம்மாவைப் போய்க் கேளுன்னு சொல்லியிருக்கறான். அவ வந்து கேட்டா. நோட்டும் பென்சிலுமா, சார் சொல்லிக் குடுத்த மாதிரியே, அம்மா உனக்கு யாரு சொன்னதுன்னு கேட்டா. நான் அடுப்புல வெறகைத் தள்ளினேன். அவ என் மொகத்தையே பாத்தா, அப்புறம் நோட்டை மூடிட்டா. மறுநாள் அந்தக் கட்டத்துல தெரியவில்லைன்னு எழுதிட்டாளாம். சார் கேட்டதுக்கும் தெரியலைங்க சார்னு சொல்லிட்டாளாம். சதீஷு, அந்தப் புள்ள ஆறேழு மாசமா உண்மையைக் கேக்கப் பழகினவடா. எனக்காக மொதப் பொய் சொல்லியிருக்கறா. அன்னியில இருந்து எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல, தட்டுல போட்ட சோறு அப்படியே கெடக்குது. வேற எதைத் தாங்கினாலும் இதைத் தாங்க முடியலடா சாமி.

இப்ப புதங்கிழமை நர்சம்மாவைப் பத்தி விசாரிக்க நாமக்கல்லுல இருந்து ஒரு அதிகாரி மேடம் வாராங்க. போன வாரமே ஒரு வாட்டி வந்துட்டு, தகவல் இருந்தா அனுப்புங்கன்னு அவங்க நம்பரைப் பள்ளிக்கூடத்துல ஒட்டிட்டுப் போனாங்க. கமிட்டித் தலைவி எழுதிக் குடுக்கறதுதான் முக்கியமாம். உங்க பெரியப்பா ஆளு வெச்சு எழுதி ரெடி பண்ணிட்டாரு, நான் கையெழுத்துப் போட்டாப் போதும். மாத்திரை தேதி முடிஞ்சது, நர்சு எங்க முன்னாடி ஒத்துக்கிட்டாங்கன்னு ஒரு தாளு. நல்லுசாமி சார் பொம்பளைப் புள்ளைங்களை ஊடு ஊடா அனுப்பறாரு, அந்த வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்தணும்னு இன்னொரு தாளு. இதுல என்ன கொடுமைன்னா, முந்தாநாள் ரோஸ்லின் நர்சம்மா போன் பண்ணினாங்க. உங்கப்பா எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டு எங்கிட்ட நீட்டினாரு. அக்கா, எனக்கு இது தற்காலிக வேலைதானுங்க, ஒரு கெட்ட பேரு விழுந்தா அப்படியே எடுத்துருவாங்க, எங்கூட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான், நீங்க உள்ளதை எழுதிக் குடுத்தாப் போதுமுங்க, உங்க வார்த்தையை நம்புவாங்கன்னு அழுதாங்க. யாருகிட்ட கேக்கறாங்க பாரு! அவங்களுக்குத் தெரியாது, எல்லாத்தையும் ஆரம்பிச்சவளே நாந்தான்னு. கோகிலாவுக்கு ரத்தம் எவ்வளவு ஏறியிருக்குதுன்னு வேற விசாரிச்சாங்க. பாக்கறேனுங்க அப்படின்னு சொன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு. உங்கப்பா போனை வாங்கிக் கட் பண்ணிட்டாரு.

நீ கேப்ப, ஏம்மா நேராப் போய் மேடத்துகிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னு. சொல்லிப் பாத்துட்டேன்டா, மனசுக்குள்ள ஆயிரம் வாட்டி. காலையில பஸ் ஏறி காளப்பநாயக்கன்பட்டி எறங்கி நாமக்கல்லுக்குப் போயிரலாம்னு ஒரு நாள் சேலைகூட மாத்தினேன். பஸ்ல உக்காந்திருக்கறவங்க பூராவும் நம்ம ஊரு, எங்க போற பாப்பாத்தின்னு கேக்காத வாயில்ல, பின்னாலயே பெரியம்மா பையைத் தூக்கிக்கிட்டு நானும் வாரேன்கறா. சார்கிட்ட சொல்லலாம்னா அவரு நம்ம வாசல்ல நின்னாலே நாலு பேரு எட்டிப் பாக்கறாங்க, அவரு மூஞ்சியைப் பாக்கவும் எனக்கு யோக்கியதை இல்ல. சொன்னா யுவராஜு வேலை போச்சு, அவனும் நான் தூக்கி வளத்த புள்ளதான். உங்கப்பா அண்ணன் வாசலை மிதிக்க முடியாது. நாளைக்கு உனக்குப் பொண்ணு பாத்தா எவன் குடுப்பான். சொல்லாட்டி ஒரு பொம்பளை சோத்துக்கு நிக்கறா. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு. ரோசம் வந்து, புதங்கிழமை கையெழுத்துப் போடாம எந்திரிச்சுருவேன்னு உனக்கு எழுதினா நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு என்னைத் தெரியும் கண்ணு. உங்க பெரியப்பா பேனாவை நீட்டுவாரு, ஊரு பூராவும் பாத்துக்கிட்டு நிக்கும், நான் போட்டுருவேன். கூட்டத்துல நின்னு வாயைத் தெறக்காதவ தனியா நின்னா மட்டும் தெறந்துருவேனா?

அதனால உன்னைக் கேக்கறேன். பத்து நாளைக்கு முன்னாடி போன்ல சிரிச்சுக்கிட்டு, அம்மா நீ கலெக்டராட்டம் மெரட்டின வாய்ஸ் இன்னும் எங்கிட்ட இருக்குதுன்னு சொன்னியே, அப்ப உங்கப்பா பக்கத்துல இருந்தாரு. உடனே அழிக்கச் சொல்லப் போனாரு, அதுக்குள்ள லைன் கட் ஆயிருச்சு. அன்னியில இருந்து பொழுதோட பொழுதோட உனக்கு அடிக்கறாரு, நீ இருக்கற காட்டுல டவர் கெடைக்கல, அந்த மட்டுக்கும் என் சாமி கண்ணைத் தெறந்திருக்குது. இப்ப அது உங்கிட்ட மட்டுந்தான் இருக்குது. அதுல நான் அந்தத் தேதியை முன்னாடி இருக்கற மூணு எழுத்தோட சேத்துப் படிச்சிருக்கறேன். அதைக் கேட்டா யாருக்கும் புரிஞ்சுரும், அது செஞ்ச தேதிதான்னு, நர்சம்மா மேல தப்பில்லன்னு, மொதல்ல கெளப்பினது நாந்தான்னு. டவர் கெடைக்கற எடத்துக்கு வந்ததும் அதை மேடத்துக்கு அனுப்பி வெச்சுரு, அனுப்பின நாளும் நேரமும் தெரியற மாதிரி அனுப்பு. இந்தக் கடுதாசியையும் போட்டோ புடிச்சுச் சேத்து அனுப்பு. நான் புதங்கிழமை போட்ட கையெழுத்து பொய்யின்னு நானே எழுதிக் குடுத்ததா இருக்கட்டும். மேடம் அறிக்கை குடுக்க பத்து நாள் ஆகும்னு சார் சொன்னதாக் கேள்வி, சின்னராசு சனிக்கிழமைக்குள்ள உங்கிட்ட வந்துருவான், நேரம் இருக்குது. நம்பரைத் தனித் துண்டுல வெச்சிருக்கறேன். அது கோகிலா எழுத்து. பள்ளிக்கூட வெளிச் சுவத்துல ஒட்டியிருக்கற நம்பரை எழுதிட்டு வான்னு நேத்து, லீவு நாள்ல, சொன்னேன். எதுக்கு, யாருக்குன்னு கேட்டா. அண்ணனுக்குன்னு சொன்னேன். போய் எழுதிட்டு வந்து, சரியா இருக்குதான்னு ரெண்டு வாட்டி வாய்விட்டுப் படிச்சுப் பாத்துட்டுக் குடுத்தா. நேத்துத்தான் தட்டுல போட்ட சோத்தை முழுசாத் தின்னா.

அதுக்கப்புறம் நம்ம ஊட்டுக்கு என்ன வருமோ வரட்டும். ஊரு ஒதுக்கி வெச்சா வெக்கட்டும், இப்ப மட்டும் என்ன நான் ஊரோடயா இருக்கறேன். உன்னை இதுல இழுத்து விடறதுக்குத்தான் மனசு வலிக்குது. பெத்தவளே உம் மேல பாரத்தைத் தூக்கி வெக்கறேன், மன்னிச்சுக்க சாமி. நீ நூறு வருஷம் நோய் நொடியில்லாம இருக்கணும், போற எடத்துலயெல்லாம் தண்ணி பொங்கி வரணும், அம்மன் உனக்கு முன்னும் பின்னும் துணை நிக்கணும். பொட்டலத்துல கேவுரு மாவு உருண்டையும் மிளகுப் பொடியும் இருக்குது, சளி புடிச்சா வெந்நீர்ல போட்டுக் குடி.

கடைசியா ஒண்ணு, இதை மறந்துராத. எப்படியும் ஒரு நாள் உங்கப்பாவுக்கு லைன் கெடைச்சுரும். என்னைத்தான் பேச வெப்பாரு. அந்த வாய்ஸை அழிச்சுரு சதீஷுன்னு நானே சொல்லுவேன். சத்தியம் பண்ணச் சொல்லுவேன், அழுதுகூடக் கேப்பேன், அந்த அழுகை நெசமாத்தான் இருக்கும், உனக்கும் மனசு எளகிரும். சரிம்மான்னு சொல்லிரு. ஆனா அழிக்காத.

உன் அம்மா,
பாப்பாத்தி